ஈரானியச் சமையலை ஈரானியரிடமே கற்றுக்கொள்வது: வகுப்பைத் தேர்வதிலிருந்து தஹ்திக் கவிழ்ப்பது வரை

ஈரானின் பெரும்பாலான ஊர்களில் குழம்புக்கு மிளகாய் போடும் வழக்கம் இல்லை. கடுகு, கறிவேப்பிலைத் தாளிப்பும் கிடையாது. தேங்காய் கிடையாது. அப்படியென்றால் ருசி எங்கிருந்து வருகிறது? கட்டுக்கட்டாக நறுக்கி எண்ணெயில் நிதானமாக வதக்கிய தழைகளிலிருந்து வருகிறது. உலர்ந்த எலுமிச்சை, மாதுளை, பழுக்காத திராட்சை என்று பல விதமாக வரும் புளிப்பிலிருந்து வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சோற்றிலிருந்து வருகிறது. இவை எல்லாமே பதம் பார்த்துச் செய்ய வேண்டியவை. "தழையைக் கரும்பச்சையாகும் வரை வதக்கவும்" என்று குறிப்பில் எழுதியிருக்கும். எந்தக் கரும்பச்சை என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

அதனால்தான், ஈரானில் பிறந்து வளர்ந்து, வேறு நாட்டில் குடியேறி, அங்கே வகுப்பு எடுக்கும் ஒருவரிடம் நேரில் கற்பதே சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். நான் லண்டனில் இருப்பதால் இங்கத்திய நிலவரத்தை வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த வகுப்பில் சேர்வது

லண்டனில் மைக்ரேட்ஃபுல் என்ற அறக்கட்டளை 2017 முதல் இயங்குகிறது. அகதிகளும், தஞ்சம் கேட்டு வந்தவர்களும், வேலை கிடைக்காமல் தவிக்கும் மற்ற குடியேறிகளும் தங்கள் ஊர்ச் சமையலை இங்கே கற்பிக்கிறார்கள். கிளார்க்கன்வெல்லில் அவர்களுக்குச் சமையல் பள்ளியே இருக்கிறது. நியூயார்க்கில் 2014-இல் தொடங்கிய லீக் ஆஃப் கிச்சன்ஸ் இன்னொரு வகை. அங்கே ஆசிரியரின் வீட்டுச் சமையலறைக்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். பெர்லினில் 2013-இல் உருவான ஊபர் டென் டெல்லர்ராண்ட் அமைப்பில் அகதிகளும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து சமைக்கிறார்கள். இவற்றில் நாட்டுக்கு நாடு, நாளுக்கு நாள் ஆசிரியர்கள் மாறுவார்கள். ஈரானிய வகுப்பு எப்போது என்று அட்டவணையைப் பார்த்துக் காத்திருந்து பதிவு செய்யுங்கள்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட வகுப்புகளுக்கு ஏன் இவ்வளவு தேவை என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. தஞ்சம் கேட்டவர்கள், அந்த மனு மீது முடிவு வரும்வரை பொதுவாக இங்கே வேலை செய்ய முடியாது. 12 மாதங்களுக்கு மேல் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம், அதுவும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான். சமீப ஆண்டுகளில் இங்கே தஞ்சம் கேட்பவர்களில் ஈரானியர் முன்வரிசையில் இருக்கிறார்கள். கணக்காளராகவோ செவிலியராகவோ இருந்தவர் ஒரு விடுதி அறையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை. அப்படிப்பட்டவருக்கு, பத்துப் பேர் தன் பேச்சைக் கேட்டு நிற்கும் ஒரு மாலைப்பொழுது எவ்வளவு பெரிய விஷயம்!

பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. ஒன்று, நாமே கையால் செய்வோமா அல்லது வேடிக்கை பார்ப்பதுதானா? வேடிக்கை பார்க்கும் வகுப்பு என்றால் வேண்டாம், அதற்கு வீடியோ போதும். இரண்டு, எத்தனை பேர்? பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் அடுப்புப் பக்கம் நெருங்க முடியாது. மூன்று, ஆசிரியருக்கு ஊதியமோ பயிற்சியோ வேறு உதவியோ எப்படிப் போய்ச் சேருகிறது? நல்ல அமைப்புகள் இதை ஒளிக்காமல் சொல்லும். சைவம் என்றாலோ, ஹலால் இறைச்சிதான் வேண்டும் என்றாலோ, கொட்டைகள் ஒவ்வாது என்றாலோ பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். ஈரானியச் சமையலில் அக்ரூட்டும் பிஸ்தாவும் எதிர்பாராத இடங்களில் எல்லாம் வரும்.

போவதற்கு முன்

ஆசிரியர் எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். "ஈரானிய உணவு" என்பது ஒற்றைச் சமையல் அல்ல. காஸ்பியன் கரையிலுள்ள கீலான் மாகாணத்தில் பூண்டும் புளிப்பும் தழையும் தூக்கலாக இருக்கும். அதன் தலைநகர் ரஷ்த், 2015-இல் யுனெஸ்கோவின் உணவுக்கலைப் படைப்பாக்க நகரமாக அறிவிக்கப்பட்டது. தப்ரீஸ் என்றால் உள்ளே பூரணம் வைத்த பெரிய கொஃப்தே உருண்டை. பாரசீக வளைகுடாக் கரையில் இருக்கும் புஷேர் போன்ற ஊர்களில் மீன், புளி, மிளகாய் எல்லாம் உண்டு. நம் நாக்குக்கு ஈரானிலேயே மிக நெருக்கமான சமையல் அதுதான். ஆசிரியரிடம் அவர் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் முகமே மலர்ந்துவிடும். அன்றைய பட்டியலில் இல்லாத நுணுக்கங்களும் சேர்ந்து கிடைக்கும்.

ஆனால் "ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள், எப்படி வந்தீர்கள்" என்று கேட்காதீர்கள். குடியேற்ற அதிகாரிகளிடம் அந்தக் கேள்விக்குப் பலமுறை பதில் சொல்லிக் களைத்தவர்கள் அவர்கள். இங்கே ஆசிரியராக வந்திருக்கிறார்கள், ஆசிரியராகவே நடத்துவோம். அவர்களாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். படம் எடுப்பதும் அப்படித்தான். அடுப்பையும் பாத்திரத்தையும் எடுக்கலாம். முகம் தெரியும்படி எடுக்க வேண்டுமென்றால் அனுமதி கேளுங்கள், இணையத்தில் போடும் முன் மறுபடியும் கேளுங்கள். ஊரில் அவர்களுடைய குடும்பம் இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டு, பேனா, மிச்சத்தை எடுத்துவர ஒரு டப்பா. வேறு எதுவும் வேண்டாம். மதியம் குறைவாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

எங்கள் வகுப்பில் செய்தவை கோர்மே சப்ஸி என்னும் தழைக் குழம்பும், செலோ என்னும் சோறும், மாஸ்த் ஓ கியார் என்னும் தயிர்ப் பச்சடியும். தொடங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை இல்லை. ஆறு பேருக்கான அளவுகளோடு ஒவ்வொன்றாகப் போவோம்.

முதல் வேலை: குங்குமப்பூ

வகுப்பில் நுழைந்தவுடன் குங்குமப்பூவைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் அது ஊற வேண்டும். உலகில் விளையும் குங்குமப்பூவில் பெரும்பகுதி ஈரானில், அதிலும் கொராசான் பகுதியில்தான் விளைகிறது. இழையை அப்படியே பாலில் போடும் நம் வழக்கம் அங்கே இல்லை. கால் டீஸ்பூன் இழையோடு ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துச் சிறிய இடிகல்லில் மாவாக அரைக்கிறார்கள். சர்க்கரையின் சொரசொரப்பு இழையை நன்றாகப் பொடியாக்கும். அதில் நான்கு டேபிள்ஸ்பூன் சூடான தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். கொதிக்கும் தண்ணீர் கூடாது, மணம் போய்விடும். ஒரு ஐஸ்கட்டியை வைத்துத் தானாக உருக விடுபவர்களும் இருக்கிறார்கள், அதில் நிறம் இன்னும் அழுத்தமாக இறங்கும். ஆளுக்குப் பத்து இழை போட வேண்டிய இடத்தில் மூன்று இழையே போதும் என்னும் அளவுக்கு இந்த முறையில் பலன் தெரிகிறது.

தழைகளை வதக்குவது

கோர்மே சப்ஸியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பார்ஸ்லி 250 கிராம், கொத்தமல்லித்தழை 150 கிராம், தரே என்னும் பாரசீகப் பூண்டுத்தாள் 150 கிராம், வெந்தயக்கீரை 50 கிராம். தரே கிடைக்காவிட்டால் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் கொஞ்சம் லீக் இலையும் போடலாம். பச்சை வெந்தயக்கீரை இல்லாவிட்டால் இரண்டு டேபிள்ஸ்பூன் கசூரி மேத்தி.

வெந்தயக்கீரை நமக்குப் பழக்கமான கீரை என்பதாலேயே கை தாராளமாகப் போகும். அடக்கிக்கொள்ளுங்கள். கூடிவிட்டால் குழம்பு முழுக்கக் கசந்துவிடும், பிறகு எதைச் சேர்த்தும் திருத்த முடியாது. இலையை மட்டும் கிள்ளி, தண்டை ஒதுக்கிவிடுங்கள்.

தழைகளை அலசிய பிறகு துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும். ஈரத்தோடு போட்டால் அது வேகும், வதங்காது. அப்புறம் கத்தியால் பொடியாக நறுக்க வேண்டும். மிக்ஸியில் போடுவதை எங்கள் ஆசிரியை ஒத்துக்கொள்ளவே இல்லை. மிக்ஸி தழையை நசுக்கிச் சாறு எடுத்துவிடும், நமக்கு வேண்டியது நறுக்கு.

அகலமான வாணலியில் அரைக் கோப்பை எண்ணெய் விட்டு, நடுத்தரத் தீயில் தழைகளைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடத்தில் சுருங்கும், தண்ணீர் விடும். பச்சை வாசம் அடிக்கும். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும்போது வாசம் மாறும். புல் வாசனை போய், வறுபட்ட தேயிலையை நினைவூட்டும் ஒரு ஆழமான மணம் வரும். நிறம் கறுப்பை எட்டிப் பார்க்கும் பச்சை. கரண்டியால் ஒதுக்கினால் ஓரத்தில் எண்ணெய் தனியே நிற்கும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் கருகிவிடும். பெரும்பாலானவர்கள் பத்தாவது நிமிடத்தில் "போதும்" என்று இறக்கிவிடுவார்கள், வீட்டில் செய்யும்போது ருசி வராமல் போவதற்கு முக்கியக் காரணம் அதுதான். வகுப்பில் கரண்டி கைமாறும்போது, கடைசி ஐந்து நிமிடம் உங்கள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது.

குழம்பு கூட்டுவது

ராஜ்மா ஒரு கோப்பை, முந்தின இரவே ஊறியிருக்க வேண்டும். அதைத் தனியாக, முதல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பிறகு முக்கால் பதத்துக்கு வேகவையுங்கள். சரியாக வேகாத ராஜ்மா வயிற்றைக் கெடுக்கும் என்பதால் இந்தக் கொதியைத் தவிர்க்கக் கூடாது.

கனமான பாத்திரத்தில் இரண்டு பெரிய வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, 600 கிராம் ஆட்டுத் தோள்கறியை, சற்றுப் பெரிய துண்டுகளாகப் போட்டுப் பிரட்டுங்கள். ஒரு டீஸ்பூன் மஞ்சள், அரை டீஸ்பூன் மிளகுத்தூள். மசாலா அவ்வளவுதான். சீரகம், தனியா, கரம் மசாலா எதையும் சேர்க்க வேண்டாம், தக்காளியும் வேண்டாம். வதக்கிய தழைகளைக் கொட்டி, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, மூடி போட்டுச் சிறுதீயில் விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ராஜ்மா. கடைசி ஒரு மணி நேரத்துக்கு லிமூ அமானி என்னும் உலர்ந்த எலுமிச்சை நான்கு அல்லது ஐந்து. உப்பை இறுதியில்தான் சரிசெய்ய வேண்டும்.

உலர்ந்த எலுமிச்சை கறுப்பாகவும் வரும், வெளிர் பழுப்பாகவும் வரும். கறுப்பில் கசப்பு அதிகம் என்பதால் வெளிர் நிறத்தை எடுங்கள். சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, முள்கரண்டியால் இரண்டு மூன்று இடத்தில் குத்திப் போட வேண்டும். எங்கள் ஆசிரியை அரைமணிக்கு ஒருமுறை கரண்டியின் முதுகால் ஒவ்வொரு பழத்தையும் பாத்திரத்தின் பக்கவாட்டில் வைத்து மெதுவாக அழுத்தினார். ஒரு சொட்டு பழுப்புச் சாறு வரும், விட்டுவிடுவார். பிழிந்து எடுத்தால் விதையின் கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும்.

மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இறைச்சி கரண்டி பட்டதும் பிரிய வேண்டும், மேலே பச்சை எண்ணெய் மிதக்க வேண்டும், தழையும் சாறும் தனித்தனியாக நிற்கக் கூடாது. அந்த நிலைக்கு வந்த குழம்பை "ஜா ஒஃப்தாதே" என்பார்கள். ஆசிரியர் வாயிலிருந்து அந்தச் சொல் எப்போது வருகிறது என்று கவனித்து, அப்போது பாத்திரத்துக்குள் எட்டிப் பாருங்கள். வகுப்பில் நேரம் குறைவு என்பதால் பாதி வெந்த குழம்பு ஏற்கெனவே தயாராக இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சைவத்தில் செய்வதென்றால் ராஜ்மாவை இரட்டிப்பாக்கி, பெரிய காளான்களை முழுசாக வறுத்துக் கடைசி அரைமணியில் சேருங்கள். குழம்பின் குணம் தழையிலும் எலுமிச்சையிலும் இருப்பதால் குறை தெரியாது.

செலோவும் தஹ்திக்கும்

வடித்த சோறு நமக்குத் தெரியும். ஈரானியர்கள் வடித்த பிறகு இன்னொரு முறை ஆவியில் வேகவைக்கிறார்கள், அங்கேதான் வித்தை. ஈரானில் கீலான், மாசந்தரான் மாகாணங்களின் ஹாஷெமி, தாரோம் போன்ற அரிசிகளுக்கு மதிப்பு. வெளிநாட்டில் நல்ல பழைய பாஸ்மதி போதும்.

மூன்று கோப்பை அரிசியை ஐந்தாறு தண்ணீரில் அலசி, இரண்டு டேபிள்ஸ்பூன் உப்புப் போட்டு ஒரு மணி நேரமாவது ஊறவையுங்கள். பெரிய பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர், உப்புக் கரிக்கும்படி இருக்க வேண்டும். தண்ணீர் துள்ளிக் கொதிக்கும்போது அரிசியைப் போட்டு, ஐந்தாவது நிமிடத்திலிருந்து ஒவ்வொரு நிமிடமும் ஒரு பருக்கையை எடுத்துப் பாருங்கள். ஆசிரியை பருக்கையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிக் காட்டினார். இரண்டு ஓரமும் மாவாகி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் எதிர்த்து நின்றது. "இப்போது!" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தூக்கிவிட்டார். நாம் சோறு வடிக்கும் பதத்துக்கு ரொம்ப முன்னாலேயே வடித்துவிட வேண்டும். சல்லடையில் கொட்டி, வெதுவெதுப்பான தண்ணீரை ஒருமுறை ஊற்றி, அதிக உப்பை நீக்குங்கள்.

இனி தஹ்திக், அதாவது பாத்திரத்தின் அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் மொறுமொறுப்பான அடுக்கு. விருந்தாளிக்கு முதலில் போகும் பங்கு அது. நான்ஸ்டிக் பாத்திரத்தில் நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் குங்குமப்பூ நீர். ஒரு கோப்பை வடித்த சோற்றோடு மூன்று டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிரைக் கலந்து அடியில் அழுத்திப் பரப்புங்கள். தயிருக்குப் பதில் மெல்லிய லவாஷ் ரொட்டியையோ உருளைக்கிழங்கு வட்டங்களையோ அடுக்கலாம். முதல்முறை செய்பவர்களுக்கு நான் உருளைக்கிழங்கைத்தான் சொல்வேன், அது எளிதில் ஏமாற்றாது.

மீதிச் சோற்றை மேலே கோபுரமாகக் குவியுங்கள், அழுத்தக் கூடாது. கரண்டிக் காம்பால் அடிவரை ஐந்தாறு துளைகள் போடுங்கள், ஆவி ஏறுவதற்கு. மிதமான தீயைவிடச் சற்றுக் கூடுதலாக எட்டுப் பத்து நிமிடம். பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் ஈர விரலை வைத்தால் சுர்ரென்று சத்தம் வர வேண்டும், அதுதான் தீயைக் குறைக்கும் நேரம். மூடியைத் துணியில் சுற்றி இறுக மூடி, மிகச் சிறிய தீயில் நாற்பது நாற்பத்தைந்து நிமிடம். துணி ஆவியை உறிஞ்சிக்கொள்வதால் சோற்றின் மேல் தண்ணீர் சொட்டாது. துணியின் நுனி தீயில் தொங்காமல் மேலே முடிந்துவிடுங்கள்.

இறக்கியதும் பாத்திரத்தின் அடியை இரண்டு அங்குலக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் வையுங்கள். அடுக்கு தானாக விட்டுக்கொடுக்கும். மேலேயுள்ள சோற்றில் ஒரு கோப்பையைத் தனியே எடுத்து மிச்சக் குங்குமப்பூ நீரில் பிரட்டி வைத்துக்கொண்டு, மற்றதைத் தட்டில் கவிழுங்கள். தஹ்திக் முறுகல் தோசையின் நிறத்தில் இருந்தால் சரியான பதம். வெளுத்திருந்தால் அடுத்த முறை கடைசி ஐந்து நிமிடம் தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். மஞ்சள் சோற்றை மேலே தூவிப் பரிமாறலாம்.

பச்சடியும் பந்தியும்

மாஸ்த் ஓ கியாருக்குப் பெரிதாகச் சொல்ல ஏதுமில்லை. கெட்டித் தயிரில் பொடியாக நறுக்கிய வெள்ளரி, உலர்ந்த புதினா, நொறுக்கிய அக்ரூட், கொஞ்சம் உலர்திராட்சை, உப்பு. தயிரும் வெள்ளரியும் குளிர்ச்சி, அக்ரூட் சூடு, ஒன்றையொன்று சமன்செய்யும் என்று ஆசிரியை சொன்னபோது எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கர்மி, சர்தி என்று ஈரானியர் பார்க்கும் இந்தக் கணக்கு நம் வீடுகளிலும் தினமும் நடப்பதுதான்.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். இதையும் பாடத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பாதியில் கிளம்பாதீர்கள். ஈரானியர் சோற்றை வலக்கையில் ஸ்பூன், இடக்கையில் முள்கரண்டி வைத்துச் சாப்பிடுவார்கள். நடுவில் புதினா, துளசி வகையான ரெய்ஹான், டாராகன் தழையான தர்கூன், முள்ளங்கி எல்லாம் வைத்த ஒரு பச்சைத் தழைத் தட்டு இருக்கும், இடையிடையே கடித்துக்கொள்ள. ஆசிரியர் "இன்னும் கொஞ்சம்" என்பார். ஒருமுறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுமுறை வாங்கிக்கொள்வது மரியாதை. தாரோஃப் என்ற இந்த உபசாரத்துக்கு நம் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் பழகியவர்கள்தான். கிளம்பும்போது "தஸ்தெ ஷொமா தர்த் நகொனே" என்று சொல்லுங்கள். உங்கள் கை நோகாதிருக்கட்டும் என்று பொருள். சமைத்தவருக்குச் சொல்லும் நன்றி அது. அவர் "நூஷே ஜான்" என்பார், சாப்பிட்டது உடம்புக்கும் உயிருக்கும் இனிக்கட்டும் என்ற பொருளில்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் மறுபடியும் செய்துவிடுங்கள். அதற்குமேல் போனால் அந்தத் தழை வாசம் நினைவில் மங்கிவிடும். முதலில் சோற்றை மட்டும் இரண்டு மூன்று முறை செய்து கைப்பக்குவம் வரட்டும். குழம்பை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம். தழைகளை இரட்டிப்பாக வதக்கிப் பாதியை ஃப்ரீசரில் போட்டுவிட்டால் அடுத்த முறை வேலை பாதியாகும். குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும்.

சாமான்களுக்கு லண்டனில் ஃபின்ச்லி, கென்சிங்டன் பக்கத்து ஈரானியக் கடைகளுக்குப் போகலாம். கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் ஹாரோ, வெம்ப்லி, ஈஸ்ட்ஹாம் நம்மவர் கடைகளில் புதிதாகவே கிடைக்கும். குங்குமப்பூவைப் பொடியாக வாங்காதீர்கள், இழையாக வாங்குங்கள். கோர்மே சப்ஸிக்கென்றே விற்கும் உலர்ந்த தழைப் பாக்கெட்டை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் உறைந்த தழை அதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த வகுப்பில் என்ன கற்பது என்று கேட்டால், சைவர்களுக்கு, முட்டை சாப்பிடுபவர்கள் என்றால், கீலானின் மீர்சா காசெமி. கத்தரிக்காயை நெருப்பில் சுட்டு, தாராளமாகப் பூண்டு வதக்கி, மஞ்சள், தக்காளியோடு கிளறி, கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றுவது. மீன் சாப்பிடுபவர்கள் தென் ஈரானிய ஆசிரியர் ஒருவரைத் தேடிப் பிடித்து கலியே மாஹி கேளுங்கள். கொத்தமல்லியும் வெந்தயக்கீரையும் பூண்டும் வதக்கி, புளிக்கரைசலில் மிளகாயோடு கொதிக்கவிட்டு, மீன் துண்டங்களைக் கடைசியில் போட்டு இறக்கும் குழம்பு. அதிலும் தழையை அதே கரும்பச்சைக்கு வதக்க வேண்டும்.